கடமத் தீவில் ஒரு புதுக் குக்கர்

கரமனை

கண்ணே,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். உன் கல்யாணத்துக்கே வராதவள் நான்கு வருஷம் கழித்து எங்கே போனாள் என்று தெருவில் கேட்டார்கள். கடமத் தீவுக்கு டூர் போனேன் என்றேன்; உன் வீட்டுக்கு என்று சொல்லவில்லை.

என்ன ஒரு தீவு அது! கோவளத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது; அங்கே கரை முழுக்க நாம் மூன்று பேர்தான். கண்ணாடித் தரைப் படகில் என் காலுக்கடியில் ஆமை நீந்திப் போனதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. மீன் சமைக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை, வந்து இறங்கிய மறுநாளே ஊசிப்போயிற்று. மணலில் புதைத்தேன். உன் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அடுத்த நாள் நீ நீந்தப் போனபோது, கரையில் மூன்று கல் கூட்டி, லேபிள்கூடக் கிழிக்காத குக்கர் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"புதியதாணு, அம்மே. மீன் தொட்டிட்டில்ல."

புதுசு, மீன் படவில்லை என்று மலையாளத்தில் அவ்வளவுதான் சொன்னார். நான் தனியாகச் சமைக்கட்டும் என்று எட்டப் போய் உட்கார்ந்துகொண்டார். நீ வந்து சாப்பிட்ட சாதம் அதுதான்.

அந்தக் குக்கரை மேலே எடுத்து வை. மீன் வைத்துத் தொலைக்காதே. பங்குனியில் வருகிறேன். இந்தத் தடவை டூர் இல்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

அம்மா