டிக்கிக்குப் போன பேட்டரி

அக்கா,

பக்கத்துக் காயலாங்கடையில் இன்று காலை மறுபடியும் ஒயர் கொளுத்தினார்கள். செம்பு எடுப்பதற்காக மேல்தோலை எரிக்கிற அந்த வாடை தண்டையார்பேட்டைக்குப் புதிதில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. ஆனால் இந்த வாடை வந்தால் மட்டும், என் மெக்கானிக் கடை வாசலில் நீ ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கிறது.

உனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? முதன்முதலில் வந்தபோதும் ஹாரனை விடாமல் அடித்துவிட்டுத்தான் இறங்கினாய். எம்.கே.பி. நகரிலிருந்து வாடகைக் கார் ஓட்டுகிற பெண் என்று உன்னை ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. நேராக வந்து பானட்டைத் திறந்து பேட்டரியைக் காட்டினாய்.

"நைனா, இத்த கழட்டி டிக்கில வைக்க முடியுமா?"

"எதுக்குக்கா? பேட்டரி நல்லாத்தானே கீது?"

"பேட்டரி நல்லாத்தான் கீது. வண்டிதான் திரும்ப மாட்டேங்குது."

அடுத்த மாதம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கூம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து கார் ஓட்டுகிற போட்டி. பெண்களுக்குத் தனியாக ஒரு சுற்று. நீ பேர் கொடுத்ததைக் கேட்டு ஸ்டாண்டே சிரித்தது என்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய்.

"லாரித்தண்ணி புடிச்சி இடுப்புல கொடம் வச்சிக்கினு நடந்துகீறியா? கொடம் இஸ்த பக்கந்தான் ஒடம்பு போவும். இந்த வண்டிக்கு இஞ்சின், கியரு, பேட்டரி, அல்லா கொடமும் மூஞ்சிலயே கீது. ஒண்ணயாவது பின்னால வையேன்."

பத்துப் பன்னிரண்டு கிலோதானே, பெரிதாக ஒன்றும் மாறாது என்றேன். மாறுகிற அளவு மாறட்டும் என்றாய். டிக்கியில் எந்தப் பக்கம் வைப்பது என்று நான் யோசிப்பதற்குள், "நான் வலது பக்கம் குந்திக்கினு கீறேன், அத்த இடது பக்கம் வை," என்றாயே, அப்போதுதான் ஸ்பானரை எடுத்தேன். சரியான ஆளிடம் வேலை வந்திருக்கிறது என்று புரிந்தது.

இரண்டு நாள் வேலை. பேட்டரிக்கு இரும்புச் சட்டம் அடித்தேன். அதன் ஆவி காருக்குள் தங்காமல் இருக்க ஒரு குழாயை வெளியே விட்டேன். தடித்த கேபிளைக் கார்பெட்டுக்கு அடியில் முன்னால் வரை இழுத்தேன். எல்லாம் சுத்தம். ஃப்யூஸை மட்டும் பானட்டுக்குள் வைத்தேன்.

அதுதான் தப்பு. ஃப்யூஸ் தன்னைத் தாண்டிப் போகிற ஒயரைத்தான் காக்கும். பேட்டரியின் கழுத்திலேயே இருக்க வேண்டியது அது. இருபது வருஷமாக ஃப்யூஸ் என்றால் பானட்டைத் திறந்தே பழகிய கை. போதாததற்கு, உன் டிக்கியில் எப்போதும் சவாரிக்காரர்களின் பெட்டிகள். ஃப்யூஸ் போனால் நடுரோட்டில் அத்தனையையும் இறக்க வேண்டாமே என்று உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். அதனால் டிக்கியிலிருந்து பானட் வரைக்கும் அந்தக் கேபிள் காவலில்லாமல் கிடந்தது.

நீ வண்டியை எடுத்துப் போன மூன்றாம் நாள் எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பக்கத்தில் அது நடந்தது. பின்சீட்டில் மூன்று பேர். அவர்கள் கனத்தில் சீட்டின் இரும்பு கேபிளை நசுக்கி, தோலைக் கிழித்தது. புகை வந்ததும் நீ வண்டியை ஓரங்கட்டி, அவர்களை இறக்கி ஓட விட்டுவிட்டு, டிக்கியைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றினாய். கழற்றும்போதே உருகின கேபிள் வலது உள்ளங்கையில் ஒட்டியது. நீ கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வண்டியே போயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். கேபிள் மட்டம் என்று அதை விற்ற கடைக்காரன் மேல் பழியைப் போட வாயில் வார்த்தை தயாராக இருந்தது, அக்கா. உன் கைக்கட்டைப் பார்த்ததும் அது வரவில்லை. "ஃப்யூஸ நான்தான் தப்பான எடத்துல வச்சேன்," என்றேன். கடையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதாகவும் சொன்னேன். வெறும் பேச்சில்லை, அன்றைக்கு அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

உனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. பிறகு சொன்னாய்:

"மூடிட்டு போனீன்னா என் வண்டிய எவன்கிட்ட குட்ப்பேன்? வேற எவனாச்சும் பண்ணா இதே தப்ப புச்சா பண்ணுவான். நீ இனிமே பண்ண மாட்ட. நாளிக்கு வண்டி வரும்."

வந்தது. கைக்கட்டோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் "இது எதுக்கு?" என்று கேட்டு என் உயிரை வாங்கினாய். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃப்யூஸ். கேபிளுக்குக் கெட்டியான குழாய். சீட்டுக்கு அடியில் போகாமல் கதவோரமாகச் சுற்றி வந்த பாதை. முடிந்ததும் என்னைப் பின்சீட்டில் குந்தவைத்து, மாத்தூர் வரைக்கும் ஒற்றைக் கையால் பள்ளம் பள்ளமாகத் தேடி இறக்கி ஓட்டினாய். "ஒன் சீட்டு சுட்டா சொல்லு," என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, சீட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போட்டிக்குள் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். போட்டியில் உனக்கு மூன்றாவது இடம். ஒரு கூம்பைக்கூடத் தொடவில்லை. ஸ்டாண்டில் சிரித்தவர்கள் அன்று சாயங்காலம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான் நெனச்ச எடத்துல திரும்பிச்சு நைனா." பேட்டரியால் பாதி, உன்னால் பாதி என்று நான் இன்றைக்கும் எல்லாரிடமும் அடித்துச் சொல்வேன்.

இப்போது இந்த வேலைக்காக என்னைத் தேடி வருகிறார்கள். இந்தப் பக்கத்தில் என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறவன் இல்லை, கூச்சப்படாமல் சொல்கிறேன். ஆனாலும் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் வந்தவரை உட்காரவைத்து, நான் செய்த தப்பை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். உன் பேரைச் சொல்வதில்லை, கையை மட்டும் சொல்வேன். பாதிப்பேர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுகிறார்கள். போகட்டும்.

போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா அதுக்கப்பறம் வண்டிய யாராண்ட குட்த்தாங்கோ?"

"என்னாண்டதான்."

பெரியவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.