ஸ்டாண்டு ரேட்டு

ஜூன் 8

தி. நகர் ஜெர்மன் வகுப்பில் இன்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து வாதம் செய்யச் சொல்வார்களாம், அதற்குப் பயிற்சி. தலைப்பு: வெளிநாட்டுக்காரர்களை நாட்டுக்குள் விடலாமா? பக்கத்து சீட்டு சிம்ராவுக்கு ‘விடலாம்’. எனக்கு ‘விடக்கூடாது’.

அங்கே இருக்கிற அத்தனை பேரும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கிற நர்சுகள். அவர்கள் முன்னால் நின்று, எங்களை உள்ளே விடாதீர்கள் என்று நான் பேச வேண்டும். சாய்நாத் சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வகுப்பு நடத்துவதும் அவர்தான், ஆள் அனுப்புவதும் அவர்தான். “நல்லா தயார் பண்ணிட்டு வாங்க நிஷா” என்றார்.

தயார் பண்ண என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் இது தினமும் இலவசமாக ஓடுகிறது.

ஜூன் 11

நைனாவிடம் தலைப்பைச் சொன்னேன். என் அப்பா பெயிண்டர் தணிகாசலத்துக்கு ஒரே குஷி. “எயுதிக்கோ” என்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

மேற்கு மாம்பலத்தில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை வாசலில் பெயிண்டர்கள் காலையில் வந்து நிற்பார்கள். மேஸ்திரிகள் அங்கே வந்து ஆள் கூட்டிப்போவார்கள். அதுதான் ஸ்டாண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நைனா அங்கே நிற்கிறார். இப்போது பாதி நாள் சும்மா திரும்பி வருகிறார்.

“வடக்கத்தியான் வந்தான், கூலி போச்சு. ஒரு ரூம்ல எட்டு பேரு படுக்கறான், வாடகை ஏறிப்போச்சு. வரட்டும் வரட்டும்னு பேசறவன் எவனாவது கூலிக்கு நிக்கறவனா? ஏசி ரூம்ல குந்திக்கினு பேசறான். அவனுக்கு இன்னா நஷ்டம்?”

கடைசிக் கேள்வி நியாயமானதுதான். அதனால் வேறொன்று கேட்டேன். அப்போ நான் ஜெர்மனி போறது?

“நீ படிச்சவ. அது வேற.”

“எப்படி வேற, நைனா?”

கை கழுவ எழுந்து போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, “அந்த மனுசனாண்ட லா பாயிண்ட்டு பேசாதே. தூங்கட்டும்” என்றாள். அம்மா ஆரோக்கியமேரி பேசினால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

ஜூன் 15

ஜெயித்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எரிந்தது.

நைனா சொன்ன கூலிக் கதையை ஜெர்மனில் சொன்னேன். அதற்கப்புறம் வாய் தானாக ஓடியது. வருகிறவர்கள் அழுக்குப் பண்ணுவார்கள். சத்தம் போடுவார்கள். திருட்டு கூடும். அவர்கள் வந்தால் நம் வீட்டு விலை விழுந்துவிடும். நம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். மூச்சு விடாமல் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இது எதுவும் நைனா சொன்னதில்லை. வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு ஆற்றோரத்திலிருந்து எங்களைத் தூக்கிப் பெரும்பாக்கம் குடிசை மாற்று வாரிய வீடுகளில் போட்டார்களே, அப்போது பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள் எங்களைப் பற்றிச் சொன்னது. ஒரு அம்மா டிவியிலேயே சொன்னாள். நாங்கள் எந்த நாட்டைத் தாண்டி வந்தோம்? ஒரே ஊர், ஒரே பாஷை. ஒரு பஸ் மாறினால் பழைய வீடு. அதற்கே இந்தப் பேச்சு.

பாவம் சிம்ரா, அவள் ஒரே வரியில் நின்றுவிட்டாள். அவங்களுக்கு நர்ஸ் வேணும், நாம நர்ஸ். தோற்றது அவள்தான். ஆனால் அந்த அறையில் நேர்மையாகப் பேசியதும் அவள் மட்டும்தான்.

ஜூன் 16

நேற்று ஜெயித்தது நானா, அந்த டிவி அம்மாவா?

ஜூன் 24

ஸ்டாண்டில் சண்டை. ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெயிண்டர்கள் பிரஷ்ஷும் கையுமாக வந்து வரிசையில் நின்றார்களாம். ஸ்டாண்டுக்குச் சட்டம் உண்டு. முதலில் வந்தவன் முதலில் போவான். பேசி வைத்த ரேட்டுக்குக் கீழே எவனும் போகக் கூடாது, போனால் மறுநாள் அங்கே நிற்க முடியாது. எழுதி வைத்ததில்லை, ஆனால் நைனா வேறெந்தச் சட்டத்துக்கும் இந்த மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவர்களை எல்லோருமாகச் சேர்ந்து விரட்டிவிட்டார்கள். முன்னால் நின்று விரட்டியது நைனா. வெற்றிக் கதை சொல்லிச் சொல்லி இரண்டு தடவை ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 28

விரட்டப்பட்ட இரண்டு பேரும் நேராக மேஸ்திரி வீட்டுக்கே போய்விட்டார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு முழு அபார்ட்மெண்ட் வேலை, நைனா மாதக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தது, அவர்களுக்குப் போய்விட்டது. என்ன கூலி கொடுத்தாலும் சரி என்றார்களாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “வரிசைல விட்டு ரேட்டு இன்னான்னு சொல்லியிருந்தா, அவனும் அதைத்தானே கேட்டிருப்பான்? நீங்களே வெரட்டி மேஸ்திரி கையில குடுத்துட்டீங்க.”

அதற்கு அவர் சொன்னது: “நீயும் அங்க போயி எவ வவுத்துல அடிக்கப்போறியோ. போ.”

இன்னா பேச்சு அது? பெத்த பொண்ணுகிட்ட பேசற பேச்சா? ராப்பகலா டியூட்டி பார்த்து, டியூட்டி முடிஞ்சி ஓடிப்போயி அந்தப் பாஷையைப் படிச்சி — யார் வயித்துல அடிக்கணும்னா படிக்கறேன்? போவேன். கட்டாயம் போவேன்.

ஜூலை 9

தேர்வில் பாஸ். சிம்ராவும் பாஸ். சார் இனிப்பு கொடுத்து, எனக்குக் கையோடு ஒப்பந்தத்தையும் கொடுத்தார், சிம்ராவுக்கு இன்னும் இடம் வரவில்லையாம். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர், முதியோர் இல்லம்.

வார்டில் மருந்துச் சீட்டை இரண்டு தரம் படித்துப் பழகிய கண். இதையும் அப்படியே படித்தேன். எங்கள் படிப்பை அவர்கள் சரிபார்த்து ஒத்துக்கொள்ளும்வரை உதவியாளர் சம்பளம். சரி, நியாயம். ஒத்துக்கொண்ட பிறகும் இரண்டு வருடம் அதே உதவியாளர் சம்பளம். இதென்ன நியாயம்?

“அந்த ஊர் நர்ஸுக்கு இதே வேலைக்கு என்ன சார் குடுக்கறாங்க?”

“அதெல்லாம் கம்பேர் பண்ணாதம்மா. போனா போதும்னு கியூவில நிக்கறாங்க.”

ஜூலை 10

நைனா சொன்னது சரி. எழுதும்போதே கை கூசுகிறது. அந்தக் கையெழுத்தைப் போட்டால் நான்தான் அந்த ஒடிசாக்காரன். அங்கே ஒருத்தி, முழுச் சம்பளம் கேட்கிறவள், என்னைக் காட்டி வெளியே அனுப்பப்படுவாள். அவள் அப்பா சாப்பாட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டுவார். அதில் பாதி உண்மையாகவும் இருக்கும்.

ஆனால் நைனா சொன்னது பாதிதான் சரி. வந்தவனா கூலியைக் குறைத்தான்? குறைத்துக் கொடுத்தவன் யார்? அவனை யாரும் ஸ்டாண்டிலிருந்து விரட்டவில்லையே.

போகமாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. யார் கதவைச் சாத்தினாலும் போவேன். பாதி விலைக்குப் போகமாட்டேன்.

ஜூலை 13

சாரிடம் சொன்னேன். “சந்தோஷம். உங்க இடம் வேறொருத்தருக்கு” என்றார். சாயங்காலத்துக்குள் அந்த இடத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. போட்டவள் சிம்ரா.

அவளுக்கு ஜெர்மன் வினைச்சொல் முழுக்க நான்தானே சொல்லிக் கொடுத்தேன். துரோகி. இனிமே அவ மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்.

ஜூலை 14

போன் எடுக்கவில்லை. சிம்ரா நாலு தடவை அடித்தாள்.

ஜூலை 17

போனேன். மனசு கேட்கவில்லை என்றெல்லாம் இல்லை, நேரில் திட்டத்தான் போனேன். ராயப்பேட்டையில் அவள் அப்பா கலீமுல்லாவின் தையல் கடை, மாடியில் வீடு. என்னைப் பார்த்ததும் அவர் மெஷினை நிறுத்திவிட்டு, “வாம்மா, சிம்ரா ரெண்டு நாளா சரியா சாப்புடல” என்றார். திட்டத் தயாராக வந்தவளுக்கு இது பெரிய இடைஞ்சல்.

சிம்ரா மாடிப்படியிலேயே அழுதாள். “அங்க அவங்க ஆளுக்கு எவ்ளோன்னு எனக்கு இன்னாடி தெரியும்? நீ வேணாம்னுட்டன்னு மட்டும்தான் சார் சொன்னார். ஏன் வேணாம்னு நீ எங்கிட்ட சொன்னியா?”

சொல்லவில்லை. வரிசையில் விடாமல், ரேட்டைச் சொல்லாமல், கீழே போய்விட்டாள் என்று மட்டும் கத்தினேன். தணிகாசலம் பெண் வேறெப்படி இருப்பாள்?

கீழே இறங்கி, கலீமுல்லா பாய் வாங்கி வைத்த டீயைக் குடித்தோம். இந்தத் தடவை போகிற எல்லோரிடமும் பேசுவது என்று முடிவு. சிம்ரா கையெழுத்தைத் திரும்பக் கேட்பாள்.

ஜூலை 20

ஒருத்தி மட்டும் முடியாது என்றாள், வீட்டுக் கஷ்டம். அவளைத் திட்டக்கூடாது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். மற்ற எல்லோரும் வகுப்பு முடிந்ததும் சார் மேஜையைச் சுற்றி நின்றோம். படிப்பை ஒத்துக்கொண்ட அன்றிலிருந்து அந்த ஊர் நர்ஸ் வாங்குகிற சம்பளம். அதற்குக் கீழே யாரும் வரமாட்டோம்.

சார் முகம் சிவந்துவிட்டது. “இதென்ன, யூனியன் நடத்தறீங்களா?”

“இல்ல சார். ஸ்டாண்டு.”

அவருக்குப் புரியவில்லை.

ஜூலை 26

பதில் இல்லை.

ஜூலை 31

இன்றும் இல்லை. “ரொம்பத்தான் திமிருடி உனக்கு. வந்த சீதேவியை ஒதைச்சிட்டு நிக்கற” என்கிறாள் அம்மா. ஆமாம், திமிர்தான். ஆனால் டியூட்டியில் டிரிப் ஏற்றும்போதெல்லாம் ஒரே நினைப்புதான். போக முடியாமலே போய்விட்டால்?

ஆகஸ்ட் 2

நைனா ஒரு மாதத்துக்கு அப்புறம் தானாக வந்து பேசினார். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

“ஒருத்தியும் ரேட்டுக்குக் கீய போவலியா?”

“ஒருத்தி போனா. மத்தவங்க யாரும் போகல.”

“அந்த பாய் பொண்ணு? கையெய்த்து போட்டதாமே.”

“திரும்பி வந்துட்டா. விஷயத்தை நான்தான் அவகிட்ட சொல்லாம இருந்தேன்.”

பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்தார். சுவரைப் பார்த்தால் எங்கே சொரசொரப்பு என்றுதான் பார்ப்பார். “ஆனாலும் அவனுங்க ஜாஸ்திதான் வந்துட்டானுங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

ஆகஸ்ட் 12

புது ஒப்பந்தம் வந்துவிட்டது. ஒத்துக்கொண்ட அன்றிலிருந்து முழுச் சம்பளம். பழைய ஒப்பந்தத்தில் இருந்த, இடையில் விட்டுவிட்டு வந்தால் அபராதம் என்கிற ஷரத்து மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதை அடுத்தாற்போல் பார்ப்போம். தானே சண்டை போட்டு வாங்கித் தந்ததுபோல் சார் பேசினார். பேசிக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போட்டேன். சிம்ரா என் பேனாவிலேயே போட்டாள்.

செப்டம்பர் 3

நைனா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டார். டியூட்டிக்குப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று ஸ்டாண்டுக்குப் போனேன்.

வரிசையில் அந்த ஒடிசாக்காரர்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள். நைனா அவர்கள் முன்னால் நின்று, தெரிந்த இந்தியில் ரேட்டைச் சொல்லி, விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “இத்னா. இதுக்குக் கீய நஹி. போனா, பிகாஷு, காலை ஒடிச்சிடுவேன்.” காலைத் தொட்டு ஒடிப்பதுபோலக் காட்டினார். இரண்டு பேரில் முன்னால் நின்ற பிகாஷ் சிரிக்காமல் தலையாட்டினார்.

மேஸ்திரி வண்டியில் வந்தார். ஒரு ஆள் போதுமாம். நேராகப் பிகாஷிடம் போய் எவ்வளவு என்றார். பிகாஷ் விரல்களை அப்படியே விரித்துக் காட்டினார். மேஸ்திரி குறைத்துக் கேட்டுப் பார்த்தார். அப்புறம் மற்றவர்களிடம் போனார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எதையோ முனகிக்கொண்டு திரும்பி வந்து, “அப்ப தணிகாசலம் வரட்டும். இவன் பாஷை எவனுக்குப் புரியும்?” என்றார்.

நைனா கையில் டீ கிளாஸ் இருந்தது. அவர் நகரவில்லை.

“அவன் முன்னாடி வந்தான் மேஸ்திரி. அவனை இட்டுக்கினு போ.”

வண்டி பிகாஷை ஏற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறம் எந்த மேஸ்திரியும் வரவில்லை. நைனா என்னைப் பார்க்காமலேயே கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். “நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்” என்றார்.