அறுத்துக் கோத்த கருகமணி

இன்று காலை ஒரு பாசிமாலையை முடித்துவிட்டு, நூல் முனையைக் கருக்க ஊதுபத்தி ஏற்றினேன். மல்லிகை வாசனையும் நைலான் கருகலும் சேர்ந்த அந்த வாடை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. லைட்டரைக் காட்டினால் நூல் கருகிக் கட்டியாகிவிடும், ஊதுபத்தி நுனியால் தொட்டால் கடுகளவு உருகி நிற்கும் என்று கண்டுபிடித்தவள் நீ. "சாமிக்கும் ஆச்சு, நூலுக்கும் ஆச்சுக்கா" என்பாய். பாயில் எனக்கு எதிரே நீ உட்காரும் இடத்தில் இப்போது கூரியர் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் பார்க்க முடியவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த விஷயம்தான். நான் சொல்லவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

நாங்கள் விருதுநகரிலிருந்து ஓசூருக்கு வந்து, அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் பின்னால் அந்த வரிசை வீட்டில் குடியேறியபோது, நீ மூன்றாவது வீட்டில் இருந்தாய். ராயக்கோட்டைக்காரி. வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம். உன் கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போது விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வேலை போனதும், பொழுது போகாமல் பாசிமணி கோத்துப் பழகிக்கொண்டிருந்த என்னருகில் வந்து உட்கார்ந்தாய். என் கையிலிருந்த மாலையை வாங்கிப் பார்த்தாய்.

"என்னாக்கா இது, மணிக்கும் மணிக்கும் நடுவுல ஒரு லாரி போவும் போலிருக்குது?"

ஊசி முனையால் முடிச்சை மணிக்கு அடியிலேயே தள்ளி இறுக்கிக் காட்டினாய். உன் முடிச்சு கண்ணுக்கே தெரியாது. என் முடிச்சுக்கும் மணிக்கும் நடுவில் எப்போதும் ஒரு மயிரிழை நூல் தெரியும். கடைசிவரை எனக்கு அது வரவே இல்லை.

நான் பி.காம். படித்தவள். போட்டோ எடுப்பது, இன்ஸ்டாகிராமில் போடுவது, வாங்குகிறவர்களிடம் பேசுவது எல்லாம் என் வேலை. கோப்பது உன் வேலை. பாகலூர் ரோட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் ஸ்டால் போட்டபோது, மாலைக்குள் மேசை காலியாகிவிட்டது. நீ மட்டும் மேசைக்கு அடியில் பையைத் துழாவி, "இன்னும் ஏதாச்சும் கெடக்குதா பாரு, என் கழுத்துல இருக்கறதையும் கழட்டித் தரட்டுமா?" என்று வாங்க வந்த பெண்களைச் சிரிக்க வைத்தாய்.

பிறகுதான் கருகமணி ஆர்டர்கள் வரத் தொடங்கின. இந்தப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் கல்யாணத்தில் தாலியோடு போட, கறுப்பு மணி கோத்த கருகமணிச் சரடு வேண்டும். அதைக் கோக்கிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று சில வீடுகளில் பார்ப்பார்கள். மத்திகிரியிலிருந்து வந்த ஓர் அம்மா வாசலிலேயே நின்று கேட்டார். "நான்தாங்க கோக்கறேன்" என்றேன். நீ உள்ளே அடுப்படியில் இருந்தாய். அவர் போனதும் வெளியே வந்தாய்.

"நீ கோத்தா அந்தப் பொண்ணு கழுத்துல ஒரு வாரம் நிக்காதுக்கா. சுமங்கலி கை வேணுமா, நிக்கற செயின் வேணுமா, நல்லா கேட்டுக்கினு வா."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சரட்டை நீதான் கோத்தாய். அதற்குப் பின் வந்தவற்றையும் நீதான் கோத்தாய். "படிச்ச எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, உன் கைதான் நம்ம கடை" என்று நான் சொன்னபோது நீ ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படிச் சொன்னதில் எனக்கு என் மீதே ஒரு மதிப்பு வந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

என் மகள் நிவேதாவுக்கு வரன் அமைந்தது. அவளோடு வேலை பார்த்த பையன். அத்திப்பள்ளிப் பக்கம், கன்னடக் குடும்பம். தாலியோடு கருகமணி உண்டு. எங்கள் வீட்டிலேயே செய்துவிடுகிறோம் என்று நான்தான் சொன்னேன். யார் கோப்பது என்று நீயும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை. அந்தப் பேச்சுக்கே தேவை இருக்கவில்லை. ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாய். ஒரே அளவு மணிகளாகப் பொறுக்கி, நடுநடுவே தங்கக் குண்டு வைத்துக் கோத்தாய். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றேன்.

"நான் போட்டிருந்தது கடைச் செயின்கா. நாலு தடவ அறுந்துச்சு. ஒவ்வொரு தடவயும் அவருக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்து, அவரு வர்ற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். பாப்பாவுக்கு அந்தப் பயம் வரக் கூடாது."

சம்பந்தியம்மாள் பத்திரிகை கொடுக்க வந்தபோது அந்தச் சரட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "தும்ப சென்னாகிதே", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று உன் தோளைத் தொட்டார். நீ யார், கணவர் இல்லாதவள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, சமையலுக்குக் காய்கறி வாங்க ராயக்கோட்டை சந்தைக்கு உன்னை அனுப்பினேன். உன் ஊர், உனக்கு விலை தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். நீ பஸ் ஏறியபின் சரட்டை மஞ்சள் துணியில் சுற்றி வைப்பதற்காக எடுத்தேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. யாரோ சொல்லி வந்ததில்லை. நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒன்று ஆகிவிட்டால், என்று அந்த நினைப்பு தொடங்கியது. மீதியை நான் நினைக்கக்கூட இல்லை. எழுந்து போய்க் கதவைத் தாளிட்டேன்.

நாம் நூல் வெட்டும் நகவெட்டியால்தான் வெட்டினேன். மணிகள் எவர்சில்வர் தட்டில் கொட்டியபோது சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று முந்தானையைப் போட்டுத் தட்டை மூடினேன். புது நூலில், நீ வைத்திருந்த அதே வரிசையில், மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நானே கோத்தேன். நீ வருவதற்குள் முடிக்கும் அவசரத்தில் என் வழக்கமான முடிச்சைவிட மோசமாக விழுந்தது.

நீ தக்காளிக் கூடையோடு வந்து கதவைத் தட்டினாய்.

"ஏன்கா தாப்பா போட்டுக்கினு கெடக்குற?"

"தலைவலி."

"கல்யாண வீட்டுல இன்னா தலைவலி? இரு." கூடையை இறக்கிவிட்டு, கால்கூடக் கழுவாமல் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாய். குடித்தேன்.

மண்டபத்தில் நீ சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே நின்றாய். நான் உன்னைக் கூப்பிடவில்லை. நிவேதாதான் மேடையிலிருந்து, "சித்தி, நீங்க வராம நான் எந்திரிக்க மாட்டேன்" என்று கத்தினாள். வந்தாய். அட்சதை போடக் குனிந்தாய். உன் கண் அவள் கழுத்தில் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நாதஸ்வரக்காரர் ஒரு மூச்சு எடுக்கும் நேரம் இருக்கலாம். பிறகு அவள் முந்தானையை இழுத்து, அந்தச் சரடு மறையும்படி தோளில் சரிசெய்துவிட்டாய். என்னைப் பார்க்கவில்லை. மறுபடி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ப் பந்தியில் பாயசம் ஊற்றினாய்.

திங்கட்கிழமை எப்போதும்போல் வேலைக்கு வந்தாய். உட்கார்ந்ததும் கருகமணி டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாய்.

"இனிமே இந்த ஆர்டர் நீயே பாத்துக்கோக்கா. கண்ணு முன்ன மாதிரி இல்ல. கறுப்புல நூல் பிடிபட மாட்டேங்குது."

அன்று முழுக்க நீ கருநீலப் பாசிமணி கோத்தாய். கருகமணியைவிடப் பொடிசு. ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே, "சரி, நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். நீ சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று நீயே ஒன்றைத் தேடி வைத்தாய். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் இரண்டரை வருஷம் அதே பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சானமாவுப் பக்கம் யானை இறங்கியதைப் பேசினோம், அரிசி விலையைப் பேசினோம், உன் மகனுக்குப் பெண் பார்ப்பதைப் பேசினோம். கருகமணி ஆர்டர் வந்தால் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கோப்பேன். நீ முன்போல் கிண்டல் செய்யவில்லை. தை மாதம் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாய், மத்தியானத்துக்குள் போய்விட்டாய். உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு நீங்கதான் பெரியம்மா எல்லாம்" என்று அழுதான். அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை.

நம்பிக்கை இருந்து செய்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். மத்திகிரி அம்மாவுக்கு அது இருந்தது. வாசலில் நின்று கேட்கும் நேர்மையும் இருந்தது. நான் நம்பவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு உன் கையால் கோத்துக் கொடுத்துச் சிரித்தவள், என் பிள்ளை என்று வந்ததும் நகவெட்டியைத் தேடினேன்.

போன மாதம் நிவேதா வந்திருந்தாள். உன் போட்டோவுக்குப் பூ வைத்துவிட்டு, கழுத்துச் சரட்டைப் பிடித்துக்கொண்டு, "சித்தி கோத்ததுன்னு எங்க அத்தை எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாங்கம்மா" என்றாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை சரட்டிலேயே இருந்தது. முடிந்ததும் கேட்டாள்.

"எங்க அத்தை ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"அவர் வீட்டுல வேற யாராவது?"

"இல்ல."

"அப்பா?"

"அப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அப்ப யாருக்காகம்மா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனைவரை கூடப் போனேன். அவளுக்குச் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன். யாருக்காகவும் இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. நானேதான் எழுந்து போய்க் கதவைத் தாளிட்டேன்.