டுல்லியோவிடம் சொன்ன முட்டிவலி

டிசம்பர் 9
வெளியே பனி. நிலவறையில் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்கியில் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கிறேன். கனத்த கியர், இருக்கையைவிட்டு எழாமல், மெதுவாக. தொடை எரிகிறது. மேடு ஏறும் கால் குளிர்காலத்தில்தான் உருவாகும் என்பது என் நண்பன் டுல்லியோ ஓயாமல் சொல்வது. அவனோ இந்தக் குளிர்காலம் சைக்கிளைத் தொடவில்லை. மனைவி ஃபியோரென்சாவுக்கு பெர்கமோ ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நடந்தது. அவளைத் தூக்கி உட்காரவைப்பது, சூப் ஊட்டுவது எல்லாம் அவன்தான்.

டிசம்பர் 14
டுல்லியோ போன் செய்தான். "ஓட்டுறியாடா?"
"முட்டிவலிடா. சும்மாதான் கெடக்கேன்."
வாயில் தானாக வந்துவிட்டது.
"அப்ப சரி, ரெண்டு பேரும் சேந்தே நொண்டுவோம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி. அதுதான் உறுத்துகிறது.

டிசம்பர் 15
ஏன் சொன்னேன்? மார்ச்சில் எங்கள் கிளப்பின் சான் ரோக்கோ மேட்டுப் போட்டி. வருடா வருடம் அவன் ஜெயிக்கிறான், நான் இரண்டாவது. ஒரே ஒரு தடவை ஜெயிக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவன் பெண்டாட்டி படுத்துக்கிடக்கிற வருஷம்தானா கெடச்சுது எனக்கு?

ஜனவரி 6
பண்டிகைச் சாப்பாடு. மேடு ஏற உடம்பு கனக்கக்கூடாதென்று பொலென்டாவை, அந்தச் சோளக்களியை, ஒதுக்கிவைத்தேன். "முட்டிவலிக்காரருக்கு வயித்துல என்னவாம்?" என்றாள் என் மனைவி இனெஸ், பிள்ளைகள் முன்னால். பிறகு சமையலறையில், தாழ்ந்த குரலில்: "இனிமே அவர் போன் பண்ணா நீங்களே எடுங்க. எனக்குப் பொய் வராது."

ஜனவரி 20
காலில் பலம் வந்துவிட்டது. மிதிக்கும்போதே தெரிகிறது. சந்தோஷம்தான் இல்லை.

பிப்ரவரி 17
ஃபியோரென்சா தானாக நடக்கிறாளாம். காலையில் டுல்லியோ சைக்கிளோடு வாசலில் நின்றான். "வாடா. உன் முட்டிக்குத் தக்கன மெதுவாப் போவோம்."

சான் ரோக்கோ மேடு. பாதியிலேயே அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் வேண்டுமென்றே பின்தங்கினேன், முகத்தைச் சுளித்துக்கொண்டேன். செங்குத்தான வளைவில் அவன் என் பக்கம் ஒதுங்கி வந்து, முதுகில் கைவைத்துத் தள்ளினான். தன் மூச்சே போதாத மனுஷன், என்னத் தள்ளுறான்! "விட்டுறாத, இன்னும் கொஞ்சம்தான்."

காலை ஊன்றி நின்றுவிட்டேன். சொல்லிவிட்டேன். முட்டிக்கு ஒன்றுமில்லை, டிசம்பரிலிருந்தே ஓட்டுகிறேன் என்று.

கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "உன்ன ஓட்டாதன்னு நான் சொன்னனா?" அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பி இறங்கிப் போய்விட்டான்.

பிப்ரவரி 21
போன் இல்லை. நானும் மிதிக்கவில்லை.

பிப்ரவரி 25
நாள் முழுக்க மழை. சாயங்காலம் வாசல் மணி அடித்தது. இனெஸ்தான் கதவைத் திறந்தாள். டுல்லியோ, நனைந்த சைக்கிளோடு. என்னைப் பார்க்காமல் நேரே நிலவறைக்கு இறங்கினான். தாங்கியிலிருந்து என் சைக்கிளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். தன்னுடையதைப் பூட்டினான்.
"எந்த கியர்?"
சொன்னேன்.
"எவ்வளவு நேரம்?"
அதையும் சொன்னேன்.
மிதிக்க ஆரம்பித்தான். நான் என்ன செய்வதென்று தெரியாமல் படியோரம் நின்றேன். அவனுக்குச் சீக்கிரமே மூச்சு இரைத்தது.
"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? போய்த் தண்ணி கொண்டா."
ஓடினேன்.