இரும்புப் படலை

ஒக்டோபர் 4, சனி

சுட்டெரிக்கிற வெயில். வாவிப் பக்கமிருந்து பொட்டுக் காற்றில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் இன்றைக்குத்தான் முதன்முதல் கையில் வெல்டிங் ஹோல்டர் தந்தார்கள். நாற்பத்தொரு வயதில். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள்.

செய்த மடைத்தனம்: ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு நெருப்பைப் பார்த்தேன். ஒரு தரமில்லை, பல தரம். இத்தனை வருசம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். ஊசி நுனியைப் பார்க்காமல் கை ஓடுமா? படிப்பிக்கிற சேர் ஓடி வந்து கத்தினார்.

"அக்கா, அந்த வெளிச்சம் இப்ப ஒண்டும் செய்யாது. பொழுதுபடத்தான் வேலையைக் காட்டும். பக்கத்தில நிக்கிற ஆக்களையும் பாக்க விடாதீங்க. முதல் பாடம் இதுதான்."

காட்டியது. பொழுதுபட இரண்டு கண்ணுக்குள்ளும் மணலை அள்ளிக் கொட்டின மாதிரி. பக்கத்து வளவிலிருந்து என் அக்கா வந்து உருளைக்கிழங்கு வெட்டி வைத்துத் துணியால் கட்டிவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்து கு. வந்தான். (குணரெத்தினம். புருஷன். வாயில் "இஞ்சேருங்க". இந்தக் கொப்பியில் "அவன்".) குடிவெறி. வாசல் தகரப் படலையை உதைத்துத் திறந்த சத்தம், வழக்கம்போல். சோறு போட எழும்பவில்லையாம்.

"ஆம்புளயள்ட வேல உனக்கு என்னத்துக்குடி?"

கண் கட்டியிருந்ததால் அடி எந்தப் பக்கத்தால் வருகிறதென்று தெரியவில்லை. அது ஒன்றுதான் புதிது. சொண்டு வெடித்து வாயெல்லாம் இரத்தம்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். போகாமல் விடுவேன் என்று நினைத்திருப்பான்.

"சொண்டுக்கு என்ன நடந்த?" என்றார் சேர்.

"படியில விழுந்திட்டன் சேர்."

எங்கள் வீட்டில் படியே இல்லை.

என் வகுப்பில் பாறூக் காக்கா இருக்கிறார்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம். காத்தான்குடி ஆள், கட்டாரில் வெல்டிங் வேலை செய்து திரும்பியவர், சான்றிதழுக்காகப் படிக்கிறார். துணித் துண்டில் ஐஸ் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அழுகை வந்தது. அடி விழும்போது வராதது.

கடைசியில் ஆளுக்கு ஒரு பொருள் செய்து, அதை அதன் இடத்தில் பொருத்திக் காட்ட வேண்டும். அப்போதுதான் சான்றிதழ். கட்டில், ஜன்னல் கம்பி, கோழிக்கூடு என்றார்கள். நான் படலை என்றேன். யோசிக்கவில்லை, வாய் சொன்னது.

வாங்க வேண்டியவை: சவர்க்காரம், உருளைக்கிழங்கு, பனடோல்.

ஒக்டோபர் 8, புதன்

தொழிற்சாலை. நாள் முழுக்க கொலர் தையல். கழுத்து விட்டுப்போன மாதிரி.

வீடு வந்தால் அடுப்புக்குள் என் தோல் கையுறைகள். சுருண்டு, கருகி, செத்த மாட்டு நாற்றம். கு. பக்கத்தில் குந்தியிருந்து பீடி. சிரிப்பு.

ஊதுகுழலை எடுத்துத் தோளில் ஒன்று போட்டேன். நானும் சும்மா விடுகிற ஆளில்லை. இரும்புக் குழல். அலறினான். பிறகு என் இடது கையைப் பிடித்து சின்ன விரலைப் பின்னால் மடக்கினான். ஈர்க்கு முறிகிற சத்தம்தான் கேட்டது.

"என்ர ஊட்ட விட்டு வெளிய போடி!"

அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. யாருடைய வீடு? அம்மா எனக்குச் சீதனமாய்க் கட்டித் தந்தது. அவன் கலியாணத்தன்று ஒரு சூட்கேசோடு வந்து ஏறினவன். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வெல்லாவெளியில் அவன் தாய் வீடும் அப்படித்தான் அவன் தங்கச்சிக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் அக்கா: "பொம்புளட ஊட்டில இருந்துக்கு பொம்புளய வெளிய போ எண்டுறானே, வெக்கங்கெட்டவன்." கொஞ்ச நேரத்தில் அவளே, "எண்டாலும் புள்ள, ஆம்புள இல்லாத ஊட்ட நாயும் மதிக்காது."

கட்டுப் போட்ட தாதி அக்காவை முறைத்தாள்.

அவனைக் கொல்லவும் யோசித்தேன். இங்கே பொய் எழுதி என்ன.

ஒக்டோபர் 11, சனி

பின்னேரம் இடி, மழை இல்லை. கட்டுப் போட்ட விரலோடு வேலை. வலக்கைக்கு ஒன்றுமில்லை, நல்லகாலம். பாறூக் காக்கா பழைய கையுறை தந்தார்.

இன்று சோதனை. ஒட்டின துண்டை வைஸ் இடுக்கியில் இறுக்கி சேர் சுத்தியலால் அடிப்பார். ஒட்டு விட்டால் அது வேலை இல்லை. விடாவிட்டால் வேலை. என்னுடையது முதல் அடியிலேயே இரண்டானது.

"பயந்து பயந்து ஒட்டியிருக்கிறீங்க அக்கா. உள்ளுக்குச் சூடு போகல்ல. கையை அமத்திப் போங்க."

இரண்டாம் துண்டு ஒட்டும்போது கு.வின் முகத்தை நினைத்துக்கொண்டேன். சேர் அடித்தார். திரும்ப அடித்தார். பாறூக் காக்காவும் வந்து அடித்தார். நின்றது. கசடு தட்டுகிற சின்னச் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். வாய் கூரானது, கைக்கு அளவானது. இதை மாதிரி ஒன்று சொந்தமாய் வாங்க வேண்டும்.

ஒக்டோபர் 18, சனி

திங்கள் தீபாவளி. முறுக்குக்கு மா இடிக்கவில்லை, ஒன்றும் இல்லை.

கிழமை முழுக்கப் பின்னேரங்களில் பட்டறையில் நின்று ஒட்டின படலை வந்துவிட்டது! பாறூக் காக்கா தன் சின்ன லொறியில் படலையும் வெல்டிங் பெட்டியும் கொண்டுவந்தார். இரும்புத் தூண்களை அக்காவின் புருஷன், அத்தான், போன கிழமையே நட்டுவிட்டார். கீல்கள்தான் மிச்சம். மத்தியானம், லுஹர் தொழுகை நேரம். "தொழுதிட்டு வாறன் தங்கச்சி, நீங்க தொடங்குங்க" என்று காக்கா போனார்.

கு. கதிரை போட்டு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்து இருந்தான். மேற்பார்வையாம். ரோட்டால் போன ஒருவரிடம், "ஓம், கேற் ஒண்டு போடுறன்." அவன் போடுகிறானாம்.

வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாய் எடுத்தேன். அதற்குள் அவன்:

"இதோட வகுப்புச் சரி. இனி அங்க கால் வைச்சியோ, மற்றக் கையையும் முறிப்பன்."

வாயை மூடினேன். ஹெல்மெட்டை இறக்கினேன்.

மேல் கீல். நடுக் கீல். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான், பிழை பிடிக்க. கீழ்க் கீலுக்கு இரண்டாம் சுற்று ஒட்டுத் தேவையே இல்லை. போட்டேன். ஆறுதலாய்ப் போட்டேன்.

காக்கா வந்து, சேருக்குக் காட்டப் போட்டோ எடுத்தார். கு. கள்ளுத் தவறணைக்குப் போனான்.

அதே நாள், பொழுதுபட

படலைக்கு உள்ளால் பூட்டுப் போட்டு இருந்தேன். வந்தான். இரண்டு கையாலும் வேலியைத் தடவித் தடவி. கண்ணீர் வழிய, இமை திறக்க முடியாமல். பழக்கத்தில் படலைக்கு ஓர் உதை. தகரம் என்று நினைத்த கால். விழுந்தான்.

"கண் தெரியல்லடி! என்னடி செய்த நீ?"

பாவமாய் இருந்தது. அந்த மணல் எனக்குத் தெரியும். விடியத் தெளிந்துவிடும், அதுவும் தெரியும். உருளைக்கிழங்கு வெட்டினேன். கம்பிக்குள்ளால் நீட்டினேன்.

"கண்ணில வைச்சுக் கட்டுங்க. அத்தான் ஓட்டோக்குச் சொல்லியிருக்கிறார். உங்கட தங்கச்சிட ஊட்ட போங்க."

கிழங்கைப் பிடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தான். கம்பியோடு வைத்து இழுத்தான், முறிக்கிற இழுவை. மற்றக் கை இடுப்புச் சீலையில் செருகியிருந்ததை எடுத்தது. புதிதாய் வாங்கின கசடுச் சுத்தியல். அவன் விரல்களில் இறக்கினேன். விட்டான்.

மண்ணில் கிடந்து உதைக்கிறான். அக்கா தன் வளவில் நின்று, "திறந்து விடன் புள்ள, சனம் பாக்குது."

டோர்ச் அடித்து கீல்களைப் பார்த்தேன். மேல், நடு, கீழ். ஒன்றும் விடவில்லை.