நேராக வெட்டிய பதினாறு துளைகள்

அன்பு மகன் யாவுக்கு, குமாசியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பில் சுகமாகவும் வாயில் சண்டையோடும் இருக்கிறோம், நீயும் அந்த ஃபின்லாந்துக் குளிரில் மூக்கு உதிர்ந்துவிடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். மூன்று முறை அப்படித்தான் ஆயிற்று. அதனால் தாளில் எழுதி, உன் அப்பாவிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவர் எடுக்கும் எல்லாப் படத்திலும் அவருடைய கட்டைவிரலும் கூடவே வரும், அதைத் தள்ளிவிட்டுப் படி. செவ்வாய்க்கிழமை உன் பேராசிரியரிடம் போய் "என் கணக்கு தப்பு, இந்த ஆன்டெனா வேலைக்கு ஆகாது, திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லப்போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் அந்த ஆளின் கதவைத் தட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உன் அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் ஒரு நாற்காலியின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். ரேடியோவில் பந்தாட்டம் கேட்கிறார், நம் ஊர் அணி தோற்றால் சாப்பிட மாட்டேன் என்கிறார், பிறகு எல்லோரும் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு சூப்புச் சட்டியைத் திறக்கிறார். உனக்கு ஒரு புட்டி ஷித்தோ மிளகாய்த் தொக்கு இடித்து, வறுத்து, இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். போன தடவை மாதிரி அதை ரொட்டியில் தடவி அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்து அவர்களை அழவைக்காதே. முடி வெட்டிக்கொள். போன மாதம் நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, யாருடைய சாவுக்குத் துக்கம் காக்கிறான் உன் பிள்ளை என்று சர்ச்சில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

உன் அக்கா செர்வா ஏரித் தீவில் மருத்துவச்சி வேலையில் எப்படி நாளை ஓட்டினாள் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் நான் செய்ததன் அளவு எனக்கே உறைக்கிறது. பிப்ரவரி புயலில் யேஜி கரையிலிருந்த வெளிநாட்டு ஆன்டெனா தண்ணீருக்குள் போனது. அன்றிலிருந்து தீவுக்கும் கரைக்கும் பேச்சு இல்லை. அந்த ஆன்டெனாத் திட்டத்தின் அதிகாரி டெட்டே, இந்த வெயிலில் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு திரிகிற அந்த மனிதர், புதியது கப்பலில் வர எட்டு மாதம் ஆகும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். எட்டு மாதம் பொறுங்கள் என்று வயிற்றில் இருக்கிற பிள்ளைகளிடமும் போய்ச் சொல்வார் போல. மார்ச்சில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. செர்வா ஒரு சீட்டு எழுதிப் படகில் அனுப்பினாள், டாக்டரின் பதில் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் பிழைத்தது செர்வாவின் கைராசியால், டெட்டேயின் திட்டத்தால் அல்ல.

அப்போதுதான் நீ வரைந்த ஆன்டெனாப் படம் வந்தது. ஜன்னல் சட்டத்துக்கு நாம் போடுகிற அதே இரண்டு இன்ச்சுக்கு ஒரு இன்ச் அலுமினியக் குழாய், ஒரு முனையை மூட ஒரு தகடு, முகத்தில் பதினாறு நீளத் துளைகள், மறு முனையில் கம்பி சேருகிற இடம், அவ்வளவுதான். அதைக் கரையில் நிமிர்த்தி வைத்தால் ஏரியின் அந்தப் பக்கம் முழுக்கப் பார்க்கும், ஒவ்வொரு தீவிலும் ஒரு சின்னத் தட்டு ஆன்டெனா வைத்தால் போதும் என்றாய். டெட்டேக்கு அது பிடிக்கவில்லை. கப்பலில் வரவேண்டிய சாமான் நம் சுவாமே பட்டறைத் தெருவில் கிடைக்கிறதென்றால் அவருக்கு அது பெரிய அவமானம். முதல் குழாயை நானே வெட்டுகிறேன் என்றேன். உன் பேராசிரியரும், ஒன்று வேலை செய்தால் ஏரி முழுக்க இதையே போடலாம், இல்லையென்றால் மூட்டை கட்டிவிடு என்று சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்துதான் அரத்தைக் கையில் எடுத்தேன்.

இனி எழுதப்போவதைச் சிரிக்காமல் படி. உன் படத்தை அச்சுக்கடையில் உண்மை அளவிலேயே தாளில் எடுத்தேன். விரித்துப் பார்த்தால் ஒரு துளை நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம், குடித்துவிட்டு நடக்கிறவனின் காலடி மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை படித்து, அத்தனை பனியில் நடந்து, என் மகன் ஒரு நேர்கோடு போடத் தெரியாமல் இருக்கிறானே என்று நினைத்தேன். நம் தெருவின் வழக்கம் உனக்குத் தெரியும், வாடிக்கையாளர் கோணல் படம் கொண்டுவந்தால் அவன் முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம், சும்மா தலையாட்டி வாங்கிக்கொண்டு சரியாக வெட்டிக் கொடுத்து அவன் மானத்தைக் காப்பாற்றுவோம். இருபத்தாறு வருஷமாக எத்தனை இன்ஜினியர்களின் மானத்தை நான் இப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்! பெற்ற பிள்ளையின் மானத்தை விட்டுவிடுவேனா? மூலைமட்டம் வைத்து, நடுவில் ஒரு கோடு கிழித்து, பதினாறு துளைகளையும் அந்தக் கோட்டின் மேலேயே நூல் பிடித்த மாதிரி வெட்டினேன். அரம் போட்டு, துணியால் துடைத்து, வாசலில் வைத்தபோது தெருவே வந்து பார்த்தது. யாவ், அத்தனை அழகான குழாயை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

அழகுக்கு யேஜியில் பலன் கிடைத்தது. திறப்பு விழாவுக்குப் பந்தல், வாடகை நாற்காலி, ஊர்த்தலைவர், டெட்டேயின் டை எல்லாம் வந்திருந்தன. பாஸ்டர் நாற்பது நிமிஷம் ஜெபம் செய்தார், சிக்னல் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. சிக்னல் அளக்கிற மீட்டர்க்காரன் தட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், கம்பியைக் கழற்றி மாட்டினான், பிணத்தின் நாடியைப் பிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். மீன்காரன் ஒருவன் கூட்டத்திலிருந்து, "ஜன்னலுக்குக் கொக்கி மாட்ட மறந்துட்டீங்களா அம்போன்சாம்மா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், டெட்டே தான் சிரிக்கவில்லை என்று காட்டிக்கொண்டே சிரித்தார். அன்று சாயங்காலம் நீ போனில் "அம்மா, படத்துல இருக்கிற மாதிரியேதான வெட்டினே?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அதவிட நல்லாவே வெட்டியிருக்கேன், நீ போய் உன் கணக்கப் பாருடா" என்றேன். நீயும் போய்ப் பார்த்தாய். மூன்று வாரம் தூங்காமல் பார்த்தாய் என்று அப்பா சொன்னார்.

இதற்குள் டெட்டே, அரசாங்கத்துக்கு எதையாவது காட்டவேண்டுமே என்று உன் தாளைக் கொண்டுபோய் எதிர்க்கடை பெடியாக்கோவிடம் கொடுத்திருக்கிறார். பெடியாக்கோ கரி அடுப்பு செய்கிறவன், அவன் செய்த அடுப்பில் சட்டி வைத்தால் சூப்பு ஒரு பக்கமாகப் போய் நிற்கும். அவன் கையில் அளவு டேப்பை நான் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் கழித்து தீவிலிருந்து போன். செர்வா! நான்கு மாதம் கழித்து அவள் குரல், "அம்மா, உன் குழாய் வேல செய்யுது! இப்பதான் டாக்டர்ட்ட நேரா பேசினேன், ஒரு கேஸ் அனுப்பிட்டிருக்கேன், படகு கிளம்பிடுச்சு!" என்கிறாள். என் குழாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் அவள். நான் "நல்லதும்மா, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். கரையில் நின்றது பெடியாக்கோ வெட்டியது, என் குழாய் கட்டிலுக்கடியில் கிடந்தது.

பெடியாக்கோவுக்குத் தலைகால் புரியவில்லை. "படிச்ச பையன் போட்ட படம் தப்பு, இந்தக் கைதான் சரி பண்ணிச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தான், டெட்டேயும் அதையே காகிதத்தில் எழுதி மேலே அனுப்பத் தயாரானார். எனக்குப் பொறுக்கவில்லை. டேப்பையும் மூலைமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய், அவன் இரண்டாவதாகச் செய்துகொண்டிருந்த குழாயைப் பிடுங்கி, "எங்கடா திருத்தினே, காட்டு" என்றேன். "திருத்தறதா? நான் எங்க திருத்தறது, பேப்பர பச போட்டு ஒட்டினேன், கோட்டு மேலயே வெட்டினேன், அளக்க யாருக்கு நேரமிருக்கு?" என்றான். சோம்பேறி உண்மையைச் சொன்னான். அவன் துளைகள் ஓரமெல்லாம் பிசிறு, ஆனால் இடம், வலம், இடம், வலம், நீ போட்டது போட்டபடியே. என் குழாய்க்கும் அவன் குழாய்க்கும் அந்தக் கோணல் ஒன்றுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து, படத்தோடு நீ அனுப்பிய குரல் செய்தியை எடுத்தேன். பதினொரு நிமிஷம். அன்று இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, சரி சரி, குழாய்தானே என்று மூடியிருந்தேன். இந்தத் தடவை உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். ஒன்பதாவது நிமிஷத்தில் சொல்கிறாய், நடுக்கோட்டில் வெட்டினால் உள்ளே ஓடுகிற அலை அந்தத் துளையைக் கண்டுகொள்ளாமல் போய்விடும், கொஞ்சம் விலக்கி வெட்டினால்தான் வெளியே வரும், இடமும் வலமும் மாற்றி மாற்றி வெட்டினால்தான் பதினாறும் ஒன்றையொன்று அழிக்காமல் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும் என்று. அடேய், உன் அம்மாவைத் தெரிந்தவன் இதை முதல் நிமிஷத்தில் அல்லவா சொல்லவேண்டும்? முதல் எட்டு நிமிஷம் வானிலையும் வணக்கமும் யாருக்கு வேண்டும்? இதில் உனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று எழுதிவைக்கிறேன், பெரிய பங்கு என்னுடையது.

உண்மை தெரிந்த பிறகும் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் பெண்ணாகப் பட்டறை போட்டவள் நான் ஒருத்தி. அம்போன்சா வெட்டினால் கோணாது என்பதுதான் என் கடைக்குப் பெயர்ப்பலகை. அதை என் வாயாலேயே உடைப்பதா என்று இருந்தது. என் பிள்ளையின் கணக்கு தப்பு என்று ஊர் சொல்லட்டும், அவன் தூரத்தில்தானே இருக்கிறான், அவனுக்கென்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது யாவ், ஆனால் நினைத்தேன். பிறகுதான் அப்பா உன் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னார், குழாய் வேலை செய்வதுகூட உனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

இன்று காலை, திங்கட்கிழமை பட்டறைச் சங்கக் கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றேன். டெட்டேயையும் வரச்சொல்லியிருந்தேன். இரண்டு குழாய்களையும் மேஜையில் வைத்து, "படம் சரி. கெடுத்தது நான். நேராக்கறேன்னு நெனச்சுக் கெடுத்துட்டேன். பெடியாக்கோ ஒண்ணும் திருத்தல, அவனுக்குத் திருத்தத் தெரியாததாலதான் அது பொழச்சுது" என்றேன். கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள். என்னிடம் வேலை கற்றவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பெடியாக்கோ ஒருவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை, ஒரு வாரப் புகழ் போய்விட்டதே. டெட்டே தன் டையைத் தடவிக்கொண்டு, "அப்ப மத்த கரைகளுக்கும் இதே படந்தானா அம்மா?" என்று கேட்டார். "இதே படந்தான், ஒரு மயிரிழை மாத்தக் கூடாது" என்றேன். படம் சரி, வெட்டியவர் தவறு என்று அவர் எழுதிய தாளில் சங்கத்தார் முன்னால் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அப்படியொரு தாளில் பெயர் எழுதியதில்லை. அதையும் இதோடு அப்பா படம் எடுத்து அனுப்புவார். நாளைக்கு உன் பேராசிரியரிடம் அதைக் காட்டு. எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளாதே.

கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் கணக்குகள் எல்லாம் இப்படியே கோணலாகவும் சரியாகவும் வரட்டும். கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போ, அக்காவுக்குப் போன் போடு, இப்போது அவளால் எடுக்க முடியும். ஒன்றை மட்டும் மறக்காதே. மூன்று வாரம் உன் கணக்கைச் சந்தேகப்பட்டாய், உன் படிப்பைச் சந்தேகப்பட்டாய், குழாய் விற்றவனைக்கூடச் சந்தேகப்பட்டாய், ஒரு தடவைகூட அம்மாவைச் சந்தேகப்படவில்லை. அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியாக நடந்துகொள்ளவில்லை. இனிமேல் என்னையும் சந்தேகப்படு, மகனே.

இப்படிக்கு,
உன் படத்தைத் திருத்தப்போன அம்மா,
அம்போன்சா,
அலுமினியக் கதவு ஜன்னல் பட்டறை, சுவாமே, குமாசி.