சிட்டு வைத்த மரம் சிவக்கிறது

அக்டோபர் 6
சிட்டு, உன் மரத்தில் ஓர் இலை சிவந்திருக்கிறது. தொட்டியில், வீட்டுக்குள் இருந்தவரை மஞ்சளாகித்தானே உதிரும்? முற்றத்து மண்ணில் நான் எடுத்து நட்டது தப்போ?

அக்டோபர் 9
கிளை முழுக்கப் பரவிவிட்டது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "என்னம்மா, உங்க பொண்ணு வச்ச மரத்துக்குச் சீக்கு வந்திருச்சு போல. என் செடிக்கெல்லாம் ஒட்டிக்கிட்டா? ஞாயித்துக்கிழமை ஆளைக் கூப்பிட்டு வெட்டிடலாம்."
நீ போனபிறகு எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். அதையும்—

அக்டோபர் 10
விடிந்ததும் சிவந்ததையெல்லாம் பறித்துக் குப்பையில் போட்டேன். அவர் கண்ணில் படக்கூடாது. மேல்கிளை எட்டவில்லை. ஸ்டூல் கொண்டுபோய், ஏறப் பயந்து திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 11
மறுபடியும் சிவப்பு. பறித்தேன்.

அக்டோபர் 12
உன்னோடு செடி நர்சரியில் வேலை பார்த்தாளே, அந்த வாயாடி வந்தாள். என் கையில் இலைகளைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.
"ஐயோ அம்மா, என்ன பண்றீங்க! சீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயசான இலை. உதிர்றதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிற சத்தைக் கிளைக்குத் திருப்பி அனுப்பும். அந்த நேரத்துல வெயில் தாங்காதாம். அதுக்குத்தான் இந்தச் சிவப்பைப் புதுசா உண்டாக்கி, குடை மாதிரி பிடிச்சுக்குது. பாதியில பறிச்சா, குடுக்க வேண்டியதைக் குடுக்காமலே போயிடும்."
"தொட்டியில மஞ்சளாத்தானேடி ஆச்சு?"
"வீட்டுக்குள்ள ஏதும்மா அவ்வளவு வெயிலு?"
காப்பாற்றுகிறேன் என்று அதன் வயிற்றிலேயே அடித்திருக்கிறேனே!
வீட்டுக்காரரிடம் அவளே போய்ப் பேசினாள். "பனி முடிஞ்சும் துளிர்க்கலைன்னா நானே வந்து வெட்டித் தர்றேன் சார்" என்று வாக்கும் கொடுத்துவிட்டாள், பாவி. அவரும் அதுவரை பொறுக்கச் சம்மதித்தார்.

நவம்பர் 20
மொட்டை. மேல்கிளையில் தானாக உதிர்ந்தது. கீழே நான் பறித்தது.

ஜனவரி 8
போகும்போதும் வரும்போதும் பட்டையைத் தடவிப் பார்க்கிறேன். செத்த மரமும் தூங்குற மரமும் ஒரே மாதிரிதான் இருக்கு. எப்படிடி கண்டுபிடிப்பேன்?

பிப்ரவரி 25
ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 17
மேல்கிளையில் துளிர்! கீழ்க்கிளைகளில் இன்னும் இல்லை, மொட்டு மட்டும் லேசாக உப்பியிருக்கிறது. துளிரும் சிவப்பாகவே வருகிறது. வீட்டுக்காரர் விடுவாரா? "பாத்தீங்களா, பொறக்கும்போதே சீக்கு."
எங்கிருந்து வாய் வந்ததோ. "சீக்கு இல்ல சார். பச்சப்புள்ளத் தோலு, வெயில் தாங்காது. அதான் செவப்பு" என்றேன். அவர் அண்ணாந்து துளிரைப் பார்த்தார். "சரி, வளரட்டும்" என்று போய்விட்டார்.
வாயாடி சொன்னது வயதான இலையைப் பற்றி. துளிரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகச் சொன்னதுதான்.
சரியாத்தான் சொன்னேனா, சிட்டு?